அண்டாவும் துணிப்பையும்

எஸ்தர் வீட்டு அண்டாவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. துணிப்பைமேல் அறவே கிடையாது. அன்றும் எஸ்தர் பீர் காய்ச்சுவதற்காகப் பைக்குள் முளைகட்டிய பார்லியைக் கட்டி, அண்டாவின் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டாள். பிறகு பையைத் தூக்கி அண்டாவுக்கு மேலே கொக்கியில் மாட்டினாள். அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போனாள்.

பை சொட்டிக்கொண்டிருந்தது. அண்டா கண்ணை எடுக்காமல் பார்த்தது.

“உள்ளே என்ன பதுக்கியிருக்கே?”

“வெறும் சக்கைதான் அண்ணே. இனிப்பெல்லாம் உங்க வயித்துக்கு வந்தாச்சு.”

“சக்கைக்கா இவ்வளவு கனம்? ஒண்ணும் இல்லேன்னா வாயை ஏன் இறுக்கிக் கட்டியிருக்கே?”

பைக்குச் சுருக்கென்றது. எத்தனையோ முறை ஒன்றாக வெந்தவர்கள்.

“நீங்களே பார்த்துக்குங்க” என்று முடிச்சைத் தளர்த்தியது. சக்கை முழுவதும் பொதபொதவென்று அண்டாவுக்குள் விழுந்தது. அண்டா துழாவித் துழாவிப் பார்த்தது. உமியைத் தவிர ஒன்றுமில்லை.

எஸ்தர் திரும்புவதற்குள் உமி கொதித்து எல்லாமே துவர்த்துவிட்டது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தவள், அத்தனையையும் எருக்குழியில் கொட்டினாள். பையை அலசிக் கொடியில் போட்டாள்.

வெறும் வயிற்றோடு கவிழ்ந்து கிடந்த அண்டா, கரண்டியிடம் மெல்லச் சொன்னது:

“கேட்டதும் அவிழ்த்துக் காட்டிட்டான் பார். முன்னாடியே சரக்கை வேற எங்கேயோ மாத்தியிருக்கான்.”