கூடாரத்துக்கு ஒரு துணி

நாலாவது மூங்கிலை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

மற்ற மூன்றுக்கும் வழி கிடைத்துவிட்டது. ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு சேர்த்துக் கட்டினான். இன்னொன்றைத் துணி காயப்போடும் கம்பியோடு. மூன்றாவது, மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் ஒரு மாதிரி சாய்ந்து நின்றது. மொட்டை மாடியில் வேறு என்ன இருக்கிறது?

"அப்பா, விட்றாதீங்க!"

கூடாரத்துக்குள்ளிருந்து மகள் தன்ஷிகா கத்தினாள். ஆறு வயது. அவள் இப்படிக் கத்தி ரொம்ப நாளாகிறது.

அவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் பிடரியில் ஏறிக்கொண்டிருந்தது.

சிறுமலையில் ஓர் இரவு தங்க இது ஒத்திகை. கூட வேலை பார்ப்பவரின் எலுமிச்சைத் தோட்டம். கூடாரம் போட்டு, வெளியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழுந்து வருவது. இந்தக் குடும்பத்தில் யாரும் செய்யாத வேலை. அதனாலேயே அவனுக்கு அது பிடித்திருந்தது.

இடம் இனாம். அடுப்பு இரவல். கூடாரம் வாடகைக்கு விடுகிறவரிடம் விலை கேட்டான். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று போனை வைத்துவிட்டான்.

நேற்றுதான் பந்தல் கடை நினைவு வந்தது. பரமன் ஒரு கல்யாணத்துக்கு வண்டி ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "உள்ள கெடக்குறதுல ஒண்ணு எடுத்துக்கங்க தம்பி. காசெல்லாம் எதுக்கு?" என்றார். மூலையில் ஒரு கட்டு தனியாகக் கிடந்தது. பைக்கில் வைக்கத் தோதாக இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இனாம் என்றால் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

இனி மனைவி மேனகா சம்மதிப்பதுதான் மிச்சம்.

"நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அம்மா வராமல் தானும் போவதில்லை என்று தன்ஷிகா சொல்லிவிட்டாள்.

ஆடியில் வந்த காய்ச்சல் பெரியவனைக் கொண்டுபோய்விட்டது. சரணேஷுக்குப் பதினோரு வயது. இப்போது தை. இத்தனை மாதத்தில் மேனகா வாசல்படி தாண்டவில்லை. காய்கறிக்குக்கூட அவன்தான் போகிறான். "வருசம் திரும்பல, அதுக்குள்ள என்ன ஊர் சுத்தல்?" என்று அவனுடைய அக்கா போனில் கேட்டாள். கேட்டுவிட்டுப் போகட்டும். மூன்று பேரும் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் இருந்தே காலம் போய்விடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் வந்துவிட்டால் போதும்.

துவைத்த துணி வாளியோடு மேனகா மாடியேறி வந்தாள்.

கூடாரத்தைப் பார்த்தாள்.

சிரிப்பாள் என்று நினைத்தான். பார்க்க அப்படித்தான் இருந்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"பழைய துணிதான். ஒரு ராத்திரிக்குத் தாங்கும்" என்றான்.

"எங்க எடுத்தீங்க?"

"பரமண்ணன் கடையில."

"எந்தக் கட்டுல?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கல்யாணம் காதுகுத்துக்கு ஒரு கட்டு. சாவு வீட்டுக்கு ஒரு கட்டு. பந்தல் கடையில் இரண்டையும் சேர்த்து வைக்க மாட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அவள் துணியின் நடுவில் இருந்த ஒட்டுப்போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணியில் நீல ஒட்டு, வெள்ளை நூல் தையல். சரணேஷ் போன அன்று முழுவதும் யாருடைய மடியிலோ தலை வைத்துக்கொண்டு அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே என்ன துணி கட்டியிருந்தார்கள் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

"அவுத்துர்றேன். இப்பவே அவுத்துர்றேன் மேனகா."



இப்படி ஒரு மடையனா என்று தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. இனி மலையாவது, பயணமாவது. எல்லாம் முடிந்தது.

"தன்ஷி, வெளிய வா."

"மாட்டேன்."

"வாடா, அப்பா சொல்றேன்ல."

"இது அண்ணனுக்குக் கட்டுன பந்தல்தானப்பா? நேத்தே பாத்தேன்."

குரலில் பயமே இல்லை.

அவன் குனிந்து பார்த்தான். கைகால்களை நீட்டி, மேலே பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அன்னைக்கு என்னைய உள்ள விடவே இல்ல. பக்கத்து வீட்டு சன்னல்கிட்டயே உக்கார வச்சுட்டாங்க."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். கிளம்பவில்லை.

மேனகா புடவையைத் தூக்கிச் செருகினாள். அவனைக் கடந்து போனாள். குனிந்து, மண்டியிட்டு, உள்ளே நுழைந்தாள். மகளுக்குப் பக்கத்தில் படுத்தாளா, உட்கார்ந்தாளா, தெரியவில்லை. துணி ஒரு பக்கமாக அசைந்து நின்றது.



பிறகு அழுகை கேட்டது. முதலில் பெரியவள். அப்புறம் சின்னவள். இத்தனை மாதத்தில் இருவரும் சேர்ந்து அழுது அவன் கேட்டதில்லை. தனித்தனியாகத்தான். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி.

அவனுக்கும் கண்ணில் நீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

அழுகை அடங்க நேரமாயிற்று. மூக்கை உறிஞ்சும் சத்தம். வளையல் சத்தம்.

"ஏங்க."

"ம்."

"சரணேசு போர்வைய நான் யாருக்கும் குடுக்கல. குடுத்துட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். பீரோவுக்குள்ள இருக்கு."

அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"அத எடுத்துக்குவோம். மலையில பிள்ளைக்குக் குளிரும்."