பனிமலை உழுத தரை

காமிரா கடலடியைத் தொட்டபோது திரையில் வெறும் சேறு தெரிந்தது.

"இடம் தப்பு எஸெகியேல். இன்னும் கொஞ்சம் தெற்கால விடு" என்றாள் நெலிடா.

இடம் தப்பில்லை. கோடைதோறும் தென்துருவக் கடல்பனியில் இதே இடத்தில்தான் துளை போடுகிறோம். நேர் கீழே ஆளுயரக் கடற்பஞ்சு ஒன்று உண்டு. அதைச் சுற்றி நட்சத்திர மீன்கள் அப்பிக் கிடக்கும். அவற்றைப் படம்பிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

கேபிளைத் தளர்த்திவிட்டு எட்டிப் பார்த்தேன். திரைப் பக்கம் யாரையும் அண்டவிடாதவள், அன்று என்னைத் தடுக்கவில்லை.

குளிர்காலத்தில் கடலில் மிதந்து வந்த ஏதோ ஒரு பனிமலை தரைதட்டி, அடித்தரையை உழுதுகொண்டு போயிருந்தது. பஞ்சு இல்லை. ஒரு மீன்கூட இல்லை.

காமிராவை நகர்த்தினேன். உழவுச் சால் போல ஒரு பள்ளம். அதற்கப்பால் இன்னொரு சால்.

அவள் கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் திரையைத் தடவினாள். பிறகு பனியிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் கரையில் பாறை உடைத்துப் புதைபடிவச் சிப்பிகள் பொறுக்குகிறவன்; அவளுக்குக் கேபிள் பிடிக்க மட்டும் இங்கே வருவேன். ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. மாத்தே இலைத்தேநீர்க் குவளையில் வெந்நீர் ஊற்றி நீட்டினேன்.

"விடு ஒல்லிக்குச்சி. பஞ்சுதானே, திரும்ப முளைக்கும். நம்ம பேரப்பசங்க வந்து படம் எடுத்துக்குவாங்க."

அவள் குவளையை வாங்கவில்லை.

"பஞ்சைப் பார்க்கவா வருஷா வருஷம் வந்தேன்?"

எனக்குப் புரியவில்லை. பிறகு மெல்லப் புரியத் தொடங்கியது.

லௌதாரோவைப் பற்றி நிலையத்தில் யாரும் அவளிடம் பேசுவதில்லை. அவள் கணவன். பல வருடங்களுக்கு முன் மாதிரி எடுக்க இங்கேதான் முக்குளித்தான். கயிறு மட்டும் மேலே வந்தது. மறுநாளே புயல் பிடித்துக்கொள்ள, தேடுவதை நிறுத்தினார்கள். நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும் என்று முடிவு கட்டினார்கள்.

"இழுத்துட்டுப் போகல" என்றாள் நெலிடா. "அடுத்த வருஷமே காமிரால பார்த்துட்டேன். பஞ்சுக்குப் பின்னால சாஞ்சு கிடந்தான். வெளிய சொன்னா, அவனை எடுக்க இன்னொருத்தனை இறக்குவாங்க. படத்துல அந்தத் துண்டை மட்டும் அழிச்சுட்டு மீதியை நிலையத்துக்கு அனுப்பினேன். ஒவ்வொரு வருஷமும்."

குவளையில் நீர் ஆறிப்போயிருந்தது. கேபிளைச் சுற்றத் தொடங்கினேன்.

அவள் எழுந்து முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டினாள்.

"இந்தத் தடவை நீயே முழுசா அனுப்பிடு. அழிக்க ஒண்ணுமில்ல."