நடுவட்டம் பெரிசா ஒரு சூரியன்

"டிசைன் எதுவா வேணா இருக்கட்டும்ண்ணே. நடுவட்டம் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கணும்" என்றான் வந்தவன்.

பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார். பட்டறைச் சுவர் முழுக்க அவர் செய்த சுவர் அலங்காரச் சாமான்கள் தொங்கின. கதிர் விரிந்த சூரியன்கள், வரிசையாய்ப் பறக்கும் இரும்பு வாத்துகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த முக்கோணங்கள். எல்லாம் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய பாணி. பழைய பத்திரிகைப் படங்களைப் பார்த்துப் பார்த்து அவராகப் பிடித்துக்கொண்டது. புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது அதைத்தான் தேடி வருகிறார்கள்.

"தம்பி, இதுக்கெல்லாம் நடுவட்டம் உள்ளங்கை அளவு இருந்தாதான் அழகு. தட்டு அளவு வெச்சா அண்டா மூடிக்கு முள்ளு முளைச்ச மாதிரி இருக்கும்."

"முளைக்கட்டும்ண்ணே. பின்னால இருக்கிறது தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

"பின்னால என்ன இருக்கு?"

எட்டு மாச வயிற்றோடு முக்காலியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"பொந்துண்ணே! உண்மையைச் சொல்லித் தொலைங்களேன். குடி வந்த அன்னிக்கே ஹவுஸ் ஓனர் சொன்னார், சுவத்துல ஒரு ஆணி அடிச்சாலும் சாமானைத் தூக்கி வாசல்ல வெச்சுடுவேன்னு. பக்கத்து போர்ஷன்லதான் இருக்கார். நான் முகம் பாக்கிற கண்ணாடிக்கு ஒரே ஒரு ஆணி கேட்டேன். இவர் சுத்தியல்ல துணியைச் சுத்தி அடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து பாத்தா, கண்ணாடியும் கீழே, சுவரும் கீழே. பொந்துக்குள்ள ஒரே இருட்டு."

"ஒரு ஆணிக்கா?"

"எங்க வீட்டுக்காரர் எதையும் அரைகுறையா விட மாட்டார்ண்ணே."

"சிரிக்காதடி" என்றான் அவன். "ஞாயித்துக்கிழமை சுவத்தைச் சுத்திப் பாக்க வந்துடுவார்ண்ணே. இந்த நிலைமையில இவளைக் கூட்டிக்கிட்டு எந்தத் தெருவுல வீடு தேடுறது?"

அவள் சிரிப்பு நின்றுபோனது. பட்டறைக்காரர் அதைக் கவனித்தார். கண்ணாடியை மறுபடி கீழே இறக்கிக்கொண்டார்.

"பொந்தோட அளவைச் சொல்லு."

தகட்டைத் தட்டு அகலத்துக்கு வெட்டிக் குழிவாய்த் தட்டினார். நீளம் ஒன்று, குட்டை ஒன்று என்று கம்பிகளைச் சுற்றிலும் பரப்பி நின்று பார்த்தார். மூடி மாதிரிதான் இருந்தது. கம்பிகளை இன்னும் நீட்டினார். இன்னும். கதிர்கள் கைவிரித்த அகலத்துக்குப் போன பிறகுதான் வட்டம் கண்ணுக்கு அடங்கியது. வெல்டு வைத்து, தேய்த்து, பித்தளை நிறம் அடித்து முடித்தபோது இடுப்பு கழன்று விடும்போல் இருந்தது. சூரியன் மட்டும் அலுப்பே இல்லாமல் மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே கொண்டுபோய் மாட்டினார். ஆணி கிடையாது. பரணிலிருந்து இரண்டு மெல்லிய கம்பியில் தொங்கவிட்டார். கடைசி முறுக்கை முறுக்கி இறங்குவதற்குள் கதவு தட்டப்பட்டது.

ஹவுஸ் ஓனர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேராகச் சுவரைத்தான் பார்த்தார்.

"இது என்ன?"

"சூ... சூரியன் சார்" என்றான் அவன்.

"ஆணி?"

"பேச்சுக்குக்கூட இல்ல சார்" என்றார் பட்டறைக்காரர். "மேல பாருங்க, கம்பிதான்."

ஹவுஸ் ஓனர் மேலே பார்க்கவில்லை. இடப்பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார். வட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கண்ணை வைத்தார். ஒரு விரலால் கதிரைத் தொட, சூரியன் லேசாக ஆடியது.

"அம்மா!" என்று வயிற்றைப் பிடித்தாள் அவள். "ஒண்ணுமில்ல சார், உள்ள உதைக்குது."

"உதைக்கட்டும்மா, நல்லது." அவர் கண் சூரியனை விட்டு நகரவில்லை. "இது எப்பவும் இங்கேயேதான் இருக்குமா? இல்ல, அப்பப்போ கழட்டித் துடைப்பீங்களா?"

"தொடவே மாட்டோம் சார்!" இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "பிரமாதமா இருக்கு. குழந்தை பொறந்து, வளந்து, ஸ்கூல் போற வரைக்கும் நீங்க இங்கேயே இருங்க. இதுவும் இங்கேயே தொங்கட்டும்."

மற்ற சுவர்களைப் பார்க்காமலே போய்விட்டார். கதவைச் சாத்தியதும் அவன் தரையில் அப்படியே உட்கார்ந்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"மனுஷனுக்குள்ள இவ்வளவு ரசனையா!" என்றான் அவன்.

பட்டறைக்காரர் சாமான் பையோடு வெளியே வந்தார். பக்கத்து போர்ஷன் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியது.

ஹவுஸ் ஓனர் உதட்டில் விரலை வைத்தபடி, சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்த மெத்தையை மெல்ல நகர்த்தினார். பின்னால் ஒரு பொந்து. பொந்து வழியே, சூரியனின் முதுகில் பட்டறைக்காரர் வைத்த வெல்டிங் பொட்டுகளே அவரைப் பார்த்தன.

"டிவி மாட்ட நானே டிரில் போட்டேன் மேஸ்திரி, சுவரு பேந்து அந்தப் பக்கமே விழுந்துடுச்சு" என்று கிசுகிசுத்தார் ஹவுஸ் ஓனர். "தன் ஆணியாலதான் விழுந்துச்சுன்னு அந்தப் பையன் ஒரு வாரமா பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்குறான், அப்படியே இருக்கட்டும். இந்தப் பக்கத்துக்கும் சீக்கிரமா ஏதாவது செஞ்சு குடுங்க, என்னால இதுக்கு மேல வீட்டுக்குள்ள தும்மலை அடக்க முடியாது!"