மூணாம் நம்பர் வண்டி பாடுகிறது

"போனைக் குடு ரஞ்சிதா. லாக்க எடுத்துட்டுக் குடு."

முருகானந்தம் மேசையைச் சுற்றி வருவதற்குள் ரஞ்சிதா போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டாள். திரை அணைந்தது.

"தர மாட்டனுங்ண்ணா."

"பாத்தீங்களாண்ணா, ஆஃப் பண்ணிப்போட்டா" என்றார் மேனேஜர் சென்னிமலை. "நாந்தான் சொன்னனே."

திருச்செங்கோட்டில் முருகானந்தத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ஆறு ரிக் வண்டிகள். ஒடிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் போர் போட்டுக்கொண்டிருக்கும் அந்த வண்டிகளிலிருந்து தினமும் சாயங்காலம் ஆபீசுக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். எந்த ஊர், எத்தனை அடி, என்ன பாறை, அடுத்து எங்கே. நாலு வருடமாக அதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ரஞ்சிதாவின் வேலை. அந்த மெசேஜ்களை அவள் வெளி நம்பர் ஒன்றுக்குத் தட்டிவிடுவதை இன்று காலை சென்னிமலை பார்த்துவிட்டார்.

"மூணு தடவ ஆச்சு. நாம போறதுக்கு மொத நாளே வேற கம்பெனி வண்டி அங்க போயி நிக்குது. எவனுக்குச் சொல்ற?" என்றார் முருகானந்தம்.

"எந்தக் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை போகலீங்ண்ணா. ஊரு பேரு, அடிக்கணக்கு எல்லாம் வெட்டிப்போட்டு சத்தத்த மட்டுந்தான் அனுப்பறேன்."

"சத்தமா?"

"ஹேமர் பாறையில அடிக்கற சத்தமுங்க. ராப் பாட்டுக்குப் பீட்டு போடறவங்க ஒருத்தங்களுக்கு."

சென்னிமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஊரே கம்ப்ரசர் சத்தத்துல காதவிஞ்சு கெடக்குது. அதுல பாட்டு வேறயா? பொய்யின்னாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்லு கண்ணு."

ரஞ்சிதா கீபோர்டை இழுத்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'ஊத்து' என்று தட்டினாள். அந்தப் பெயரில் ஒரு யூடியூப் சேனல் வந்தது. ஒலியை முழுசாகக் கூட்டினாள்.

டங். டங். டங். அடியில் கனத்த அதிர்வு. அதன்மேல் ஆர்மோனியம் ஒன்று மெல்ல இழைந்தது.

சென்னிமலையின் சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணா, இது நம்ம மூணாம் நம்பர் வண்டிங்க. ஹேமர் பிட்டு தேஞ்சு போயி அடிக்குது பாருங்க."

"எனக்குத் தெரியாதா?" முருகானந்தம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

'ஈரம் தட்டுதுங்க... ஈரம் தட்டுதுங்க...' பாறைத்தூள் நனைந்து வர ஆரம்பித்ததும் அந்த வண்டியின் டிரில்லர் ஆண்டி ஆபீசுக்குச் சொல்கிற அதே வார்த்தை. பாட்டுக்குள் அது சுற்றிச் சுற்றி வந்தது.

"இப்ப ஒரு அடிய விடுவாங்க பாருங்க" என்றாள் ரஞ்சிதா. "விழுகும்னு நெனப்போம், விழுகாது. அந்த எடத்துல நம்ம மூச்சுப் போயி உக்காந்துக்கும். மத்தவங்க ஜல்லி லோடு கொட்டறாப்பல கொட்டுவாங்க. இவங்களுக்கு எங்க நிறுத்தோணும்னு தெரியும். பாடுனவருக்குத்தான் எல்லாரும் கை தட்டறாங்க. நான் பீட்டு போட்டது யாருன்னு தேடிப் போறவளுங்க."

பாடியவர் சூரமங்கலம் ரயில்வே காலனிக்காரர். கத்தவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேசுவதுபோல் சொல்லிக்கொண்டே போனார்.

'ஆயிரம் அடி போனவருக்கு
அடுப்படி ஈரம் தட்டலையே.'

"நம்ம ஆண்டி ஊட்டுக் கதையாட்டவே இருக்குதுங்க" என்றார் சென்னிமலை.

முருகானந்தமும் லேசாகச் சிரித்தார். "ஆண்டி சம்சாரம் கேட்டா அழுதுபோடும். இன்னொருக்கா போடு."

இரண்டாவது முறை கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "வரி எழுதுனது பாடறவனா?" என்றார்.

"இல்லீங்க. பீட்டு போட்டவங்களேதான்."

"நல்லாத்தான் இருக்குது. சரி, பேரச் சொல்லு. ஒரு போன் போட்டு விசாரிச்சுக்கறேன். நீ சொல்றது நெசம்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

"கேக்காம அனுப்புனது தப்புதாங்க. அதுக்கு என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். பேரு மட்டும் சொல்ல மாட்டனுங்க."

"ஏன்? லவ்வா?" என்றார் சென்னிமலை.

"ரசிகைங்க."

"இந்தா பாரு" முருகானந்தத்தின் குரல் இறுகியது. "பேரச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வா. இல்லாட்டி வராத."

"சொன்னா நாளைக்கே அவங்க ஊட்டுல எல்லாத்தையும் ஏறக்கட்டிப்போடுவாங்க. அப்பறம் ஊத்தும் இல்ல, பாட்டும் இல்ல."

"நாலு வருச வேலைய ஒரு பாட்டுக்காக உடறயா?"

"வேற வேலை கெடைக்குமுங்ண்ணா. இப்படி ஒரு அடிய விடத் தெரிஞ்சவங்க கெடைக்க மாட்டாங்க."

ஆபீஸ் சாவியை மேசைமேல் வைத்தாள். டிபன் பையை எடுத்துக்கொண்டாள். 

படி இறங்கியதும் போனை உயிர்ப்பித்து அந்த நம்பரைக் கூப்பிட்டாள். மறுமுனையில் எடுத்தது முருகானந்தத்தின் மனைவி மஞ்சுளா.

"அண்ணி, உங்க பேர நான் சொல்லலீங்க. அண்ணன் இப்ப சோத்துக்கு ஊட்டுக்கு வருவாரு, நீங்க எதையும் காட்டிக்காம அடுத்த பீட்டப் போடுங்க."