தோள்மேல் ஒரு கை

என் வேலை அறையின் கண்ணாடிச் சுவரைக் கைத்தடியால் யாரோ படபடவென்று தட்டினார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார் ஒரு பெரியவர்.

“ஏம்மா, எங்கப்பா மேல எச்சில் துப்புறியா நீ?”

துப்பவில்லை. குச்சியில் சுற்றிய பஞ்சை நாக்கில் தொட்டு ஓவியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஓவியத்தில் படிந்த அழுக்கை எடுக்க எச்சிலைப் போல மிதமான மருந்து கிடையாது. பெரிய பெரிய அருங்காட்சியகங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால், பெற்ற அப்பாவின் முகத்தருகே ஒருத்தி இப்படிச் செய்வதைப் பார்த்துவிட்ட மகனுக்கு அதை எப்படிச் சொல்வது?

சொல்லிப் பார்த்தேன். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம்.

“காலமெல்லாம் அடுத்தவங்க எச்சில்லதான்மா கை வெச்சுப் பொழைச்சேன். அதுக்கு இப்படி ஒரு மவுசு இருக்குன்னு எவனும் சொல்லலையே.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியாண்ணே?” என்றபடி அவருடைய தங்கை மூச்சு வாங்க வந்து சேர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எங்கள் அருங்காட்சியகத்தின் கண்காட்சிக்கு ஓவியத்தைக் கொடுத்தவர் இந்தத் தங்கைதான். அண்ணன் வீடு மாறியபோது இது தங்கை கைக்கு வந்திருக்கிறது. வந்த வாரமே எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் திறப்பு. ‘நம்ம ஊர் முகங்கள்’ என்று பெயர். ஊரின் முதல் அச்சகத்தை நடத்தியவர் என்பதால் இவர்களுடைய அப்பாவுக்கு வாசலுக்கு நேரே இடம் ஒதுக்கியிருந்தோம்.

எச்சில் பஞ்சாயத்து ஒரு வழியாக ஓய்ந்தது. என் குழப்பம் ஓயவில்லை.

ஓவியத்தில் நான்கு பேர். நாற்காலியில் அப்பா. பக்கத்தில் அம்மா, இரண்டு கைகளும் மடியில். பந்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பையன். தரையில் பொம்மையோடு ஒரு குட்டிப் பெண். பின்னால் பழுப்பு நிறத் திரைச்சீலை.

அந்தத் திரைச்சீலை காலையிலிருந்து கரைந்துகொண்டிருந்தது.

எண்ணெய் வண்ணம் எச்சிலுக்குக் கரையாது. கரையவே கூடாது. ஆனால், பஞ்சு பட்ட இடமெல்லாம் தேநீர்க் கறை போல ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேல், எண்ணெய் ஓவியத்துக்குத் தேவையே இல்லாத கண்ணாடியை வேறு யாரோ போட்டு வைத்திருந்தார்கள். எதற்கு? ஒன்றும் புரியவில்லை. அசலையே அழித்துவிட்டேனோ, வேலை போயிற்றோ என்று பயந்துகொண்டே பக்கத்திலும் கொஞ்சம் துடைத்துப் பார்த்தேன்.

அப்பாவின் தோளில் நான்கு விரல்கள் தெரிந்தன.

யாருடைய விரல்கள்? அம்மாவின் கைகளை மறுபடி எண்ணினேன். பையனுடையதை எண்ணினேன். பைத்தியக்காரி மாதிரி அப்பாவின் கைகளையும் எண்ணினேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இந்தக் கை மட்டும் உபரி.

விரல்களைத் தொடர்ந்து ஒரு வளையல் வந்தது. பிறகு பச்சைத் துணி. அதன்மேல் விழுந்த பின்னலின் நுனி. அதற்கு மேலே இன்னும் திரைச்சீலைதான்.

“சார், உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி? படத்துல இருக்கிற நாலு பேர்தான். பிள்ளைங்க நானும் இவளும்.”

நான் நகர்ந்து நின்றேன்.

பெரியவர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அப்பா இவளைச் சுரண்டி எடுத்துட்டார்னுல்ல நெனச்சேன்.”

“யாரை சார்?”

“அக்காவை.” வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல வந்தது அந்தச் சொல். “அச்சகத்துல எழுத்துக் கோக்குற ஆளோட போயிட்டா. அதோட சரி. அவ பேரை எடுக்கக் கூடாதுன்னுட்டார் அப்பா. அவர் சாகற வரைக்கும் எடுக்கல. அப்புறமும் எடுக்கல.”

சற்று நேரத்தில் டாக்டரின் கறாரான குரல் திரும்பிவிட்டது.

“மூடிடும்மா. இருந்த மாதிரியே பூசிடு. சாயங்காலம் ஊரே வரும். அப்பா மானத்தைச் சந்தியில கொண்டுபோய் நிறுத்தாத.”

பூசுவது எளிது. துடைப்பதும் எளிது. எது சரி? அந்த அப்பா விரும்பியது பழுப்புத் திரையை. ஓவியர் வரைந்ததோ ஐந்து பேரை. இதற்கெல்லாம் நான் படித்த படிப்பில் பாடம் உண்டு. கண் கலங்கியபடி அதட்டும் ஒரு மகனுக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டும் அதில் இல்லை.

ஓவியம் தங்கையுடையது. முடிவும் அவருடையதுதான். அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் அண்ணன் பேச்சைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மேசையில் கிடந்த பழுப்புப் பஞ்சு ஒன்றை எடுத்து, விரலால் நசுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமா, துக்கமா, எனக்குப் பிடிபடவில்லை.

“என்னம்மா செய்யட்டும்?”

“நீ ஏன் வாயை மூடிட்டு இருக்கே? பூசச் சொல்லு,” என்றார் அண்ணன்.

தங்கை பஞ்சைக் கீழே வைத்தார்.

“‘உனக்குத்தானே படம் போட வரும், நீயே அவளை மறைச்சிடு’ன்னு அப்பா எங்கிட்டதாண்ணே சொன்னார், தண்ணி பட்டாப் போயிடுற கலராப் பார்த்துத்தான் பூசினேன். நீ தொடைம்மா, அக்கா முகம் இன்னும் வரல.”