சாதாரண பிரைமர்

"சாதாரண பிரைமரா, மேக்னம் பிரைமரா? எதைப் போட்டே? அதை மட்டும் சொல்லு."

மார்னி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி கராஜ் தரையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கணவர் கர்ட்டிஸின் இடுப்புப் பட்டையிலிருந்து எடுத்த தோட்டாக்கள் அதற்குள் இருந்தன.

அவளுடைய அண்ணன் ஹார்லன் தன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளைத் துடைத்து, அடியில் தீப்பொறி கிளப்பும் புது பிரைமர் பதித்து, வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டை வைத்து அழுத்துகிற மேஜை அது. வருடா வருடம் மொன்டானாவின் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முன்பு இரண்டு வீட்டுக்கும் அங்கேதான் தோட்டா தயாராகும். மருந்துக்கடைக்காரன்கூட இப்படி நிறுக்க மாட்டான், மச்சானுக்கு வேலை மாறிப்போய்விட்டது என்று கர்ட்டிஸ் கேலி செய்வார்.

அந்த கர்ட்டிஸை அடக்கம் செய்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"கேக்கிறேன்ல?" என்றாள் மார்னி.

"சாதாரணம்தான்."

மார்னி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேக்னம் என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வண்டி ஓட்டி வந்திருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் விதி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

காலையில் வனக்காவலர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போயிருந்தார். மலைச்சரிவில் கரடி புதரை விட்டு வெளியே வந்தபோது கர்ட்டிஸுக்குக் குறிபார்க்க நேரம் இருந்திருக்கிறது. விசையையும் இழுத்திருக்கிறார். பிரைமரில் பொறி வந்தது, ஆனால் அந்தக் கொடும் குளிரில் மருந்து பற்றவில்லை. மெதுவாக எரிகிற மருந்து அது. மேக்னம் பிரைமரின் பெரிய தீக்குத்தான் உறைகுளிரில் பற்றும். அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்குள் கரடி அவர்மேல் விழுந்துவிட்டது. யார் நிரப்பிய தோட்டா என்று தான் கேட்டதாகவும், உடலை எடுக்க மலைக்கு வந்த ஹார்லன் நான்தான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டதாகவும் வனக்காவலர் சொன்னார்.

"அந்தக் குளிருக்கு எதைப் போடணும்னு தெரியாதவன் தோட்டாவையே தொடக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

ஹார்லன் தலையசைத்தார்.

"அப்புறம் ஏன் போட்டே?"

கையிருப்பு தீர்ந்துவிட்டது, கடையிலும் மேக்னம் கிடைக்கவில்லை, குளிர் இவ்வளவு இறங்கும் என்று எதிர்பார்க்கவில்லை, சாதாரணமே போதும் என்று நினைத்துவிட்டேன் என்று ஹார்லன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாடம் ஒப்பிப்பது போலிருந்தது அவர் பேசியது. மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை வரும் என்று மார்னி காத்திருந்தாள். அதற்குப் பதிலாக அவர் வேறொன்று கேட்டார்.

"டெஸ்ஸாகிட்ட சொல்லிட்டியா?"

டெஸ்ஸா அவளுடைய ஒரே மகள். கல்லூரியிலிருந்து வந்தவள் அப்பாவின் சட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தே கிடந்தாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து குவித்த கேசரோல் உணவுகளில் ஒரு வாய்கூட அவள் சாப்பிடவில்லை. கரடி திடீரென்று பாய்ந்துவிட்டது, அப்பாவுக்குச் சுட நேரம் இருக்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரியும். வனக்காவலர் வந்தபோதுகூட அவள் அறையை விட்டு வரவில்லை.

"இன்னும் சொல்லல," என்றாள் மார்னி.

"சொல்லாதே. தோட்டா வெடிக்கலைங்கிறது அவளுக்கு எப்பவுமே தெரியக்கூடாது. வனக்காவலர்கிட்டயும் நான் பேசிக்கிறேன்."

"ஏன்? மாமா ரொம்ப நல்லவர்னு அவ காலம் பூரா நினைச்சிட்டிருக்கணுமா?"

"ஆமா, அப்படியே வச்சுக்கோ," என்றார் ஹார்லன். "அந்தப் பையையும் இங்கயே கொடுத்துட்டுப் போ."

"செஞ்சதை மறைக்கணும். அவ்வளவுதானே உன் கவலை?"

மார்னி பையை மேஜைமேல் வீசினாள். தராசு சரிந்து கீழே விழுந்தது. தன் தராசை யாரும் தொடவே விடாத ஹார்லன் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்கு வந்துடாதே," என்றாள் மார்னி. "அம்மா அப்பா போனப்புறம் எனக்குன்னு இருந்தது நீயும் அவரும்தான். ரெண்டு பேரையும் ஒரேயடியா என்கிட்டேருந்து பிடுங்கிட்டே. இனிமே எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல."

மனைவி இறந்த பிறகு ஹார்லன் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் தங்கை வீட்டு மேஜையில்தான். கதவு வரைக்கும் அவள் பின்னாலேயே போனார். பாதையில் பனி உறைந்திருக்கிறது, வண்டியை மெதுவாக ஓட்டு என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஹார்லன் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். கர்ட்டிஸுக்கென்று மேக்னம் பிரைமர் போட்டு அவர் நிரப்பி வைத்த தோட்டாப் பெட்டி, ஒட்டிய நாடா பிரியாமல் அப்படியே இருந்தது. வேட்டைக்குக் கிளம்பிய அன்று காலையில் கர்ட்டிஸ் அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார், முகமெல்லாம் பெருமையாக.

"இந்தத் தடவை உன் தோட்டா வேண்டாம் மச்சான். டெஸ்ஸா காலேஜ்ல யார்கிட்டயோ கத்துக்கிட்டு, அப்பாவுக்குன்னு தன் கையாலயே நிரப்பிக் கொண்டுவந்திருக்கா. மார்னிகிட்ட மட்டும் சொல்லிடாதே, பயந்துடுவா."