மங்கோலியா போகும் குதிரை

டில்லி விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. விமானம் மாற்றுவதற்காக இறக்கி வைத்த மரப்பெட்டிக்குள் மணல் நிறத்தில் ஒரு காட்டுக் குதிரை நிற்கிறது. நேற்றிலிருந்து அது ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்காமல் ஏற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று பேர் தண்ணீர் வாளியை நீட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்போது துப்புரவு வேலை பார்க்கும் சந்திரம்மாள் வாளியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் வளையல் சத்தத்துக்கு அதன் காதுகள் மட்டும் திரும்புகின்றன. "இது எங்க சார் போவுது?" "மங்கோலியாவுக்கும்மா. இதோட பாட்டன் பூட்டன் மேஞ்ச எடம். ஒரு காலத்துல அங்க ஒண்ணுகூட மிஞ்சாம போச்சு. ஜூவுல பொறந்ததைக் கொண்டுபோய் விடறாங்க" என்கிறார் சூப்பர்வைசர் ராஜாராமன். "அதே எடத்துக்கா?" "அதே எடத்துக்குத்தான்." டில்லியில் தமிழர்கள் குடிசை போட்டு வாழ்ந்த மதராசி கேம்ப்பில் சந்திரம்மாளின் வீட்டை இடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்று, ஊர்க்கோடியில் மாற்று வீடு கொடுத்த நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். தோள் கடுக்கிறது, ஆனாலும் வாளியை இன்னும் சற்று உயர்த்துகிறாள். "குடி தாயி, வீடு போய்ச் சேரணுமில்ல" என்கிறாள் மெதுவாக. குதிரை மூக்கை இறக்கி முகர்கிறது. அதன் மூச்சுக்காற்றில் தண்ணீர் நடுங்குகிறது. பிறகு கழுத்துக்குள் ஏதோ ஏறி இறங்குகிறது, மறுபடியும் ஏறி இறங்குகிறது. வாளி அவள் கையில் கொஞ்சம் கொஞ்சமாக இலேசாகிறது.